சீவன்முத்தி

சீவன்முத்தி என்பது உடலோடு வாழும்போதே கிட்டும் விடுதலை. அதை அடைந்தவர் சீவன்முத்தர். அவர் உடல் விழுந்தபின் உள்ள நிலையை விதேகமுத்தி என்பர். வீடுபேற்றை மரணத்துக்கு அப்பால் வைக்காமல் இங்கேயே, இப்போதே என்று சொன்னது அத்வைத வேதாந்தத்தின் துணிவு. அந்தத் துணிவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலையும் பெரிது. அறியாமையால் தோன்றியதே உடல் என்றால், அறியாமை அழிந்த கணமே உடலும் விழ வேண்டாமா? ஞானி எப்படி உண்கிறார், உறங்குகிறார், மாணவனுக்குப் பாடம் சொல்கிறார்?

கேள்வியின் வேர் உபநிடதங்களில் இருக்கிறது. நெஞ்சில் குடியிருக்கும் ஆசைகள் யாவும் அகன்றால் மனிதன் இங்கேயே பிரம்மத்தை அடைகிறான் என்கின்றன கடோபநிடதமும் பிருகதாரணியகமும். பாம்பு கழற்றிய சட்டை புற்றில் கிடப்பதைப்போல ஞானியின் உடல் கிடக்கிறது என்று பிருகதாரணியகம் தொடர்கிறது. சாந்தோக்கியமோ, குருவைப் பெற்றவனுக்கும் உடல் விடுபடும் வரை ஒரு தாமதம் உண்டு என்கிறது. இந்தத் தாமதத்தின் பொருள் என்ன என்பதில்தான் பிற்கால ஆசிரியர்கள் மோதிக்கொண்டார்கள்.

ஆதிசங்கரர் வினையை வைத்து விடை சொன்னார். சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம் ஞானத்தால் எரிந்துபோகும். இனி வரக்கூடிய ஆகாமியம் ஞானியை ஒட்டாது. பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரத்தம் மட்டும் அனுபவித்தே தீரும். வில்லை விட்டுக் கிளம்பிய அம்பு வேகம் தீரும்வரை பறக்கும், குயவன் கையெடுத்தபின்னும் சக்கரம் சுழலும் என்பன அவருடைய உவமைகள். ஆனால் பிரம்மசூத்திர உரையின் நான்காம் அத்தியாயத்தில், வாதங்களுக்கு நடுவே, அவர் வேறொன்றும் சொல்கிறார்: ஒருவர் தம் நெஞ்சில் பிரம்மத்தை உணர்ந்திருக்கிறார், உடலும் தாங்கியிருக்கிறார் என்றால், அதை இன்னொருவர் எப்படி மறுக்க முடியும்? தர்க்கத்தில் ஊறிய அந்த நூலில் இவ்வரியைப் படிக்கும்போது, தம் அனுபவத்தையே சாட்சிக்கு அழைக்கிறாரோ என்று தோன்றாமல் இராது.

மண்டனமிசிரர் பிரம்மசித்தியில் வேறு வழி காட்டினார். கயிறு என்று தெரிந்தபின்னும் பாம்பைக் கண்ட நடுக்கம் சற்று நேரம் இருக்கிறதல்லவா? அப்படிப்பட்ட பதிவுகளின் மிச்சமே ஞானியின் உடல். பின்வந்தோர் இதை அவித்தியாலேசம், அதாவது அறியாமையின் எச்சம் என்றனர். அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர், முன்னோரின் மாறுபட்ட கொள்கைகளைத் தொகுத்த சித்தாந்தலேச சங்கிரகத்தில், பூண்டு வைத்த பாத்திரத்தைக் கழுவியபின்னும் போகாத வாசனையை இதற்கு உவமையாகக் குறித்திருக்கிறார். நூல்களின் உயரத்திலிருந்து அடுக்களைக்கு இறங்கிவந்த இந்த உவமை, குயவனின் சக்கரத்தைவிடப் பொருத்தமானது. சக்கரத்துக்கு விசை வேண்டும். வாசனைக்கு எதுவும் வேண்டாம்.

எச்சம் என்ற சொல்லே எதிர்ப்பாளர்களுக்கு வாய்ப்பளித்தது. இருள் போனபின் இருளில் கொஞ்சம் மிஞ்சுமா? இராமாநுசர் ஸ்ரீபாஷ்யத்தில், உடலோடு விடுதலை என்பது ‘என் தாய் மலடி’ என்பதைப்போன்ற முரண் என்றார். அத்வைதிகளுக்குள்ளும் சர்வஞ்ஞாத்மர், சீவன்முத்தியைப் பேசும் வாக்கியங்களைப் புகழ்ச்சியுரையாகக் கொள்ளலாம் என்ற கட்சிக்கு இடம் தந்தார். சைவ சித்தாந்தம் பொருள் வேறுபாட்டோடு இந்நிலையை ஏற்கிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அத்தகையோர் வாழும் முறையைச் சொல்வது.

பதினான்காம் நூற்றாண்டில், சிருங்கேரி மடத்தின் தலைவராயிருந்த வித்தியாரணியர் சீவன்முத்தி விவேகத்தை எழுதியபோது கேள்வியே திரும்பியது. உடல் ஏன் நிற்கிறது என்பதைவிட, அறிந்தவரின் மனம் ஏன் அடங்கவில்லை என்பதே அவருடைய கவலை. பிரம்மத்தை அறிந்தும் ஒருவர் சினக்கலாம், செருக்கலாம். அவர் காட்டும் சான்று வேறு யாருமல்லர், யாக்ஞவல்கியரே. சனக மன்னனின் அவையில் வாதம் தொடங்குமுன்பே, பரிசாக வைத்திருந்த ஆயிரம் பசுக்களைத் தம் மாணவனிடம் ஓட்டிப்போகச் சொன்னவர். வாதத்தின் கடுமையில், அவரை எதிர்த்து வாதாடிய சாகல்யரின் தலை விழ நேர்ந்தது. ஞானம் அவரிடம் இருந்தது, மன அமைதி இல்லை. அதனாலேயே பின்னர் துறவு பூண்டார் என்கிறார் வித்தியாரணியர். உபநிடதத்தின் தலைசிறந்த ஞானியை இப்படி எடைபோடும் நேர்மை சமய நூல்களில் அரிது. தத்துவஞானத்தோடு வாசனைகள் தேய்வதும் மனம் அழிவதும் சேர்ந்தால்தான் சீவன்முத்தி முழுமை பெறும் என்பது அவர் முடிவு. வாசனை என்றால் பழக்கத்தால் மனத்தில் ஊறியிருக்கும் சாய்வு.

தமிழில் இந்தச் சிந்தனையை எளிய நடையில் கொண்டுசேர்த்தது தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம். தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதல் படலம் என்ற அதன் இரு பகுதிகளும் குரு சீட உரையாடலாக நடக்கின்றன. சீவன்முத்தரைப் பிரமவித்து, வரன், வரியான், வரிட்டன் என நால்வகையாக அந்நூல் பிரிக்கிறது. யோகவாசிட்டம் சொல்லும் ஏழு ஞானபூமிகளில் இவர்கள் நான்காவது முதல் ஏழாவது வரை நிற்பவர்கள். மனத்தின் அமைதியில் நால்வருக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு, முத்தியில் இல்லை.

பிராரத்தம் மட்டும் மிஞ்சும் என்ற பழைய விடையையே அசைத்தவர் திருவண்ணாமலை ரமண மகரிஷி. உள்ளது நாற்பது அனுபந்தத்தில் அவர் தரும் உவமை கூரியது: கணவன் இறந்தால் மனைவியர் மூவருள் ஒருத்தி மட்டும் கைம்மை அடையாமல் தப்புவதில்லை, செய்பவன் என்ற எண்ணம் அழிந்தால் மூவினையும் அழியும். ஞானிக்குப் பிராரத்தம் உண்டு என்பது, அவரை உடலாகக் காண்போரின் கேள்விக்குச் சொல்லும் பதில் மட்டுமே. அந்த உடலையும் உலகம் கண்டது. அவருடைய இடக்கையில் தோன்றிய கட்டி 1949-இல் அறுவை செய்யப்பட்டும் மீண்டும் மீண்டும் வளர்ந்தது. புற்றுநோய் என்று தெரிந்து, கையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று உடல் விழும்வரை, தம்மைக் காண வந்தவர்களுக்குத் தரிசனத்தை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை.