பரம்பும் பஞ்சாயத்தும்: நிலத்தைக் காப்பது யார் கையெழுத்து?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆதிச்சநல்லூர் வந்துவிடும். ஆற்றுப் பக்கம் வயலும் வாழையுமாகப் பச்சை. இந்தப் பக்கம் கல்லும் சரளையுமாக ஒரு மேடு. ஊர்க்காரர்கள் அதைப் 'பரம்பு' என்பார்கள். 114 ஏக்கர். அதன் அடியில் பாறையைக் குடைந்து ஈமத்தாழிகளை வரிசை வரிசையாக இறக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

1876-இல் ஜெர்மானியர் யாகோர் இங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்பு வாள் எல்லாம் சென்னை அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. பிறகு நூறு வருட மௌனம். 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி வந்தது. 2020 மத்திய பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூரின் பெயர் வந்தது, 2023 ஆகஸ்டில் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பாடப் புத்தகத்திலும் இருக்கிறது.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளாக இந்த 114 ஏக்கர் எப்படித் தப்பியது?

நெல் விளையாது என்பதால்தான். தாமிரபரணிப் பாசனத்தில் ஓர் அடி நன்செய் என்றாலும் அதற்கு ஒரு கோயிலோ மடமோ மிராசுதாரரோ சொந்தக்காரராக இருந்தார்கள். அந்த வயலில் இறங்கி உழைத்தவர்களுக்குப் பட்டா கிடையாது. மிஞ்சியது மேடு, கரடு, ஓடைக்கரை, சுடுகாடு. யாருக்கும் வேண்டாத நிலம் நிலமில்லாதவர்களின் மேய்ச்சலாகவும் விறகுக்காடாகவும் இருந்தது. வரிக் கணக்குக்குப் புறத்தே போனது என்பதால் அதற்குப் புறம்போக்கு என்று பெயர். பட்டணத்தில் அதையே ஒரு வசவுச் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். நிலத்துக்கும் மனிதருக்கும் ஒரே வசவு, தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு இரண்டு மனம் வருவது நியாயம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 2010-இல் திருத்தப்பட்ட சட்டம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்று நோட்டீஸ் ஒட்டும்போது முதலில் தெரிவது சேரிக் குடிசையா, குவாரிக்காரரின் வேலியா என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்காக, காக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? பொதுநிலம் போனால் முதலில் வெறுங்கையோடு நிற்பதும் நாம்தான்.

இந்த முடிச்சைப் புரிந்துகொள்ள வைகைப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டம் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டு, மகாவீரர் சிற்பம், லகுலீசர் சிற்பத்தோடு பாண்டியர் காலக் குடைவரை. குன்றுகளின் காலடியில் கண்மாய்கள், சுனைகள். 2022 நவம்பரில் தமிழக அரசு இதையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல். அந்தச் சட்டத்தின் 37-ஆம் பிரிவை மாணவர்கள் படித்துப் பாருங்கள். உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பால் பிழைப்பு பாதிக்கப்படுகிறவர்களுக்கு இழப்பீட்டுக்கோ மறுவாழ்வுக்கோ திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு எந்த ஊரிலாவது வாதாடியிருக்கிறோமா? நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பரப்பு 2,015 ஹெக்டேர். பல்லுயிர்த் தலமும் அதற்குள்ளேயே இருந்தது. 2023-இல் திருத்திய கனிமச் சட்டப்படி இந்த வகைக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் தில்லியிடம். கிராம சபையின் சம்மதம் தேவையில்லை. பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாம் அட்டவணைப் பாதுகாப்பும் தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் கிடையாது.

ஆகக் கையில் சட்ட ஆயுதம் இல்லை. இருந்தது தீர்மான நோட்டு. அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. அன்று மேலூர்ப் பக்கத்து ஊராட்சிகளில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் எழுதினார்கள். அந்தக் காகிதத்தால் ஏலத்தை ரத்து செய்ய முடியாதுதான். ஆனால் அது மேலே ஏறியது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தோண்டலாமா என்று மறு ஆய்வு செய்வதாகத் தில்லி சொல்லிப் பார்த்தது. 193 ஹெக்டேர் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள் ஏற்கவில்லை. சின்னத்தை மட்டும் தீவாக்கி வைத்துவிட்டுச் சுற்றியுள்ள கண்மாயையும் மேய்ச்சலையும் தின்பதை அவர்கள் 'பாதுகாப்பு' என்று ஒப்புக்கொள்ளவில்லை. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை வரை பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

இதோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. நாம் நிறுத்த முடியாது, ஏனென்றால் மேலவளவும் அதே மேலூர் வட்டத்தில்தான் இருக்கிறது.

1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, வாக்குப் பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன. கடைசியில் டிசம்பர் 31 அன்று நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். அலுவலகத்துக்குள் அவரை நிம்மதியாக உட்கார விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிய பேருந்தை மறித்து அவரையும் உடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையைத் துண்டித்தார்கள். எதற்கு இவ்வளவு வெறி? ஊராட்சித் தலைவர் என்றால் கண்மாய் மீன் ஏலம், புளியமர ஏலம், புறம்போக்குக் கணக்கு எல்லாவற்றிலும் அவர் வார்த்தை நிற்கும். பொதுச் சொத்தின் சாவி சேரிக்கு வருவதை அவர்களால் தாங்க முடியவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 2006 வரை பத்து வருடம் முறையான தேர்தலே நடத்தவிடவில்லை. அந்த வருடம் நவம்பரில் நம் நெல்லை மாவட்டத்தில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார்.

கிராம சபைத் தீர்மானத்தின் மதிப்பைப் பேசும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்தே பேச வேண்டும். நம் ஆள் கையெழுத்துப் போட முடிகிற ஊராட்சி தீர்மானம் போட்டால்தான் அது ஊர்த் தீர்மானம். மற்றது சாதிப் பஞ்சாயத்து.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பேர்ஸ் இயர்ஸ் என்ற இடம். தொல்குடிகளின் மூதாதையர் வாழ்ந்த குகைவீடுகளும் பாறை ஓவியங்களும் நிறைந்த பொதுநிலம். நவாஹோ, ஹோபி உள்ளிட்ட ஐந்து தொல்குடிகள் கேட்டு 2016-இல் ஒபாமா அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். 2017-இல் டிரம்ப் 85 சதவீதத்தை வெட்டினார். 2021-இல் பைடன் மீட்டார். அதிபர்கள் கதையை விடுங்கள். சான் ஹுவான் என்ற அந்த உள்ளூர் கவுண்டி நிர்வாகம் முதலில் சின்னத்தை எதிர்த்தது. மக்கள்தொகையில் பாதியாக இருந்த பூர்வகுடிகளை ஒரே தொகுதிக்குள் அடைத்து, மூன்று இடங்களில் ஒன்றுக்கு மேல் கிடைக்காமல் வைத்திருந்தார்கள். நவாஹோக்கள் வழக்குப் போட, நீதிமன்றம் தொகுதிகளைத் திருத்தச் சொன்னது. 2018 தேர்தலில் மூன்றில் இரண்டு நவாஹோக்களுக்கு வந்தது. அடுத்த சில மாதங்களிலேயே அதே நிர்வாகம் பழைய எதிர்ப்புத் தீர்மானத்தை ரத்து செய்தது. நிலமும் அதேதான், அலுவலகமும் அதேதான். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மாறியிருந்தார்கள்.

இப்போது பரம்புக்குத் திரும்புவோம். அரிட்டாபட்டிக்காரர்கள் தீர்மானம் போட்ட ஆறே வாரத்தில், 2025 ஜனவரி 5 அன்று, பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். ஆதிச்சநல்லூர் இருக்கும் தூத்துக்குடி மாவட்டமும் அதில் அடக்கம். நெல்லையிலும் தென்காசியிலும் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது என்பதால் அங்கே 2026 அக்டோபர் வரை கணக்கு. அதாவது ஒரே ஆற்றங்கரையில் மேல்பாதியில் தேர்ந்தெடுத்த தலைவர், கீழ்பாதியில் அதிகாரி. சின்னங்களைச் சுற்றி நிலம் அளக்க வருகிறவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை உண்டு. வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஊரில் போகிறவர்கள், அது எங்கே நடக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் பெண்கள் கால் வைக்கத் தயங்கும் கோயில் மண்டபத்தில் என்றால் இடத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிறகு புறம்போக்குப் பதிவேட்டைக் கேளுங்கள். மேய்ச்சல், களம், சுடுகாடு, ஓடை ஒவ்வொன்றுக்கும் சர்வே எண் இருக்கும். நோட்டில் தீர்மானம் எழுதி முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள்; எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.