பிளாஷும் ஷட்டரும் கைகோத்த கதை

ஓடுகிற ஆளை, பறக்கிற பந்தைப் படத்தில் அசையாமல் நிறுத்துவது ஷட்டர்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிளாஷ் வெளிச்சத்தில் அசைவை நிறுத்துவது பிளாஷ்தான். அது எரியும்போது கதவைத் திறந்து வைத்திருப்பதுதான் ஷட்டரின் வேலை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்கத்தான் இத்தனை வருடப் பாடு.

1851-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாக்ஸ் டால்போட் ஒரு சோதனை செய்தார். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் டைம்ஸ் பத்திரிகைத் தாளை ஒட்டி, லெய்டன் ஜாடிகளில் சேமித்த மின்சாரத்தைப் பொறியாக விட்டார். படத்தில் எழுத்துகளைப் படிக்க முடிந்தது! இருட்டறை, லென்ஸ் முன்பே திறந்திருந்தது. அதனால் இணைப்பு ஒயர் தேவைப்படவில்லை. 1886-ல் எர்ன்ஸ்ட் மாக்கின் யோசனைப்படி பீட்டர் சால்ஷர் பாயும் தோட்டாவைப் படமெடுத்தபோது, பொறியைத் தட்டிவிட்டதே அந்தத் தோட்டாதான்.

இருட்டறையை விட்டு வெளியே வந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. 1929 வாக்கில் ஜெர்மனியில் வந்த பிளாஷ் பல்பு முழு வெளிச்சம் தர ஏறத்தாழ 20 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். ஷட்டர் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்து திறக்க வேண்டும். பழைய கேமராக்களில் பார்க்கும் 'எம்' என்ற குறி அதற்குத்தான். 1930களில் எம்.ஐ.டி.யின் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் வளர்த்தெடுத்த எலக்ட்ரானிக் பிளாஷுக்குக் காத்திருப்பே வேண்டாம், தட்டினால் உடனே எரியும். அதற்கான குறி 'எக்ஸ்'. ஜான் மிலி இந்த முறையில் எடுத்த ஆட்டக்காரர்கள், நடனக்காரர்கள் படங்கள் லைஃப் பத்திரிகையில் வந்தன.

ஒயர் மாட்டும் சின்ன வட்டத் துளைக்கு 'பி.சி.' என்று பெயர். பெர்சனல் கம்ப்யூட்டர் இல்லைங்க :-) பிராண்டர், காம்பர் என்ற இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்து. டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றிலும் அதே துளைதான் இருக்கிறது. இல்லாதவற்றில் ஹாட் ஷூ மேல் ஓர் அடாப்டர் மாட்டி ஒயர் இழுக்கலாம், அல்லது ரேடியோ டிரிகர் வைக்கலாம்.

பழைய எல்லை ஒன்றும் கூடவே வந்துவிட்டது. எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். பெரும்பாலும் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போனால் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது, படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஆனால் சின்ன பிளாஷின் பவரைக் குறைத்தால் அது எரிவதே 1/10000 செகண்டுக்கும் குறைவு. ஆகவே உள்ளரங்க ஆட்டத்தில் 1/250 வைத்து, அரங்க விளக்கு படத்தில் பதியாத அளவுக்கு அப்பெர்ச்சரைக் குறுக்கினால், பந்து உறைந்து நிற்கும். அரங்க வெளிச்சம் மிஞ்சினால் ஆளோடு பேய் மாதிரி ஒரு நிழல் தெரியும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய பிளாஷ்கள் சிலவற்றில் டிரிகர் வோல்டேஜ் 200 வோல்ட்டைத் தாண்டும். பழைய கேமராவின் உலோகத் தொடுப்பு அதைத் தாங்கிக்கொண்டது. டிஜிட்டல் கேமராவின் எலக்ட்ரானிக் சுவிட்ச் ஒரே தட்டில் போய்விடலாம். அப்பா காலத்து பிளாஷ் கிடைத்தால் தூக்கிப் போட வேண்டாம். முழுதாக சார்ஜ் ஆனதும் அடியில் உள்ள நடுப்புள்ளிக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கேமரா கையேடு சொல்லும் எல்லைக்குள் இருந்தால் மட்டும் ஒயரை மாட்டுங்கள்.