கத்திக்கு முந்திய காலம்: முள்ளந்தண்டுப் பக்கவளைவுச் சத்திரசிகிச்சையில் வளர்ந்தோரின் ஆயத்தம் - ஒரு வரலாற்று நோக்கு

முதுகு முன்னே குனிந்து பின்னே திரண்டு நிற்கும் நிலையைத் தமிழ் ‘கூன்’ என்னும் ஒரு சொல்லாற் சுட்டிவிடுகிறது. ஆனால் முள்ளந்தண்டு வலப்புறமாகவோ இடப்புறமாகவோ வளைந்து, வளையும்போதே தன் அச்சிலே திருகியும் கொள்கின்ற கோணலுக்கு நம் வழக்கிலே தனிச்சொல் இல்லை. அதனைப் பக்கவளைவு என இங்குக் கொள்ளலாம். கிரேக்கர் இதற்கு ‘ஸ்கோலியோஸிஸ்’ எனப் பெயரிட்டனர். கோணல் என்பதே அதன் நேர்ப்பொருள். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலன் என்னும் மருத்துவர் கையாண்ட அப்பெயர் இன்றுவரை நிலைத்துள்ளது. அதற்கெனக் காலந்தோறும் வகுக்கப்பட்ட சிகிச்சைகளோ அவ்வாறு நிலைக்கவில்லை.

இச்சிகிச்சைகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இரும்புக் கச்சை, சாந்துக் கவசம், உருக்குக் கோல், திருகாணி என அது வளர்ந்து செல்லும். கத்தி உடலைத் தொடுவதற்கு முந்திய நாட்களும் வாரங்களும் மாதங்களும் அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றன. அக்காலத்தில் நோயாளர் எவ்வாறு ஆயத்தஞ் செய்யப்பட்டார், ஆயத்தஞ் செய்தவர் யார், அதில் நோயாளருக்கென ஏதும் பங்கு இருந்ததா என வினவுமிடத்து, வேறொரு வரலாறு புலப்படும். வளர்ந்தோரைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மையுடையது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே இச்சிகிச்சை சிறாருக்கும் கட்டிளமைப் பருவத்தினருக்கும் உரியதாகவே கருதப்பட்டது.

ஹிப்பொக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலிலே ஒரு காட்சி வருகிறது. வளைந்த முதுகுடையாரை ஏணியொன்றிலே கட்டி, ஏணியை உயரத் தூக்கித் திடீரெனக் கீழே விடுவர். நூலாசிரியர் இம்முறையை விவரித்தபின், இதனாற் பயனடைந்தோரைத் தாம் அறியவில்லை என்றும், கூட்டத்தை வியக்கவைக்க விரும்பும் மருத்துவரே இதனை நாடுவர் என்றும் எள்ளி நகையாடுகிறார். நோயாளர் காட்சிப்பொருளாகும் அபாயம் அன்றே உணரப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சின் அம்புறுவாஸ் பாரே இரும்புக் கச்சையைப் பயன்படுத்தினார். 1840களில் பாரிஸ் நகரத்து ஜூல் கெரென் முதுகுத் தசைகளைத் தோலின் கீழாக வெட்டிக் கோணலை நீக்கலாம் என உரிமை கொண்டாடினார். மல்கேன் என்னும் மற்றொரு சத்திரவைத்தியர் அப்பலன்களை மறுத்தெழுத, விவகாரம் மானநட்ட வழக்காகி நீதிமன்றம் வரை சென்றது. வழக்கிலே தோற்றவர் கெரென். தசையை வெட்டும் முறையும் மெல்ல வழக்கொழிந்தது.

நவீன சத்திரசிகிச்சையின் தோற்றுவாய் நியூயோர்க்கில் உள்ளது. அங்கு ரஸல் ஹிப்ஸ் 1911இல் காசநோயால் அரிக்கப்பட்ட முள்ளந்தண்டின் என்புகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்யும் என்பிணைப்பு முறையை வெளியிட்டார். 1914இல் அது பக்கவளைவுக்கும் பயன்படுத்தப்பட்டது. என்பிணைப்பு வளைவை நிமிர்த்துவதில்லை; நிமிர்ந்ததை நிமிர்ந்தவாறே நிற்கச் செய்வது மட்டுமே அதன் பணி. ஆகவே நிமிர்த்தும் வேலை முழுவதும் கத்திக்கு முன்னரே முடிந்துவிட வேண்டியிருந்தது. அக்காலத்து ஆயத்தத்தின் கொடுமை இவ்வுண்மையிலிருந்தே பிறந்தது எனலாம். கழுத்து முதல் தொடைவரை பாரிஸ் சாந்தினாற் கவசம் இடப்படும். அதனைக் குறுக்கே அறுத்து, ஒரு பக்கத்திற் கீலும் மறுபக்கத்தில் திருகுந்தோறும் நீளும் இரும்புத் தண்டும் பொருத்துவர். நாளுக்குச் சிறிதாகத் தண்டு திருகப்படும், கவசம் விரியும், உள்ளிருக்கும் உடலும் அதனோடு வளைந்து கொடுக்கும். போதிய அளவு நிமிர்ந்ததும் முதுகுப்புறச் சாந்திலே ஒரு சாளரம் வெட்டி அதனூடாகவே சத்திரசிகிச்சை செய்தனர். பின்னரும் பல மாதங்கள் அதே படுக்கை, அதே கவசம்.

இவ்வளவுக்கும் கிடைத்த பயன் யாது? அமெரிக்க என்பியல் மருத்துவச் சங்கம் 425 நோயாளரை ஆராய்ந்து 1941இல் வெளியிட்ட அறிக்கை, 69 சதவீதமானோரின் இறுதிநிலை நடுத்தரமானது அல்லது மோசமானது என மதிப்பிட்டது. தம் துறையின் தோல்வியை அத்துறையினரே எண்ணிக்கையிட்டு அச்சேற்றிய நேர்மை பாராட்டற்குரியது. 1959இல் கலிபோர்னியாவின் பெரியும் நிக்கலும் மண்டையோட்டிலே திருகிப் பொருத்தும் உலோக வளையத்தை அறிமுகஞ் செய்தனர். வளையத்தையும் தொடையென்பையும் எதிரெதிர்த் திசைகளில் நிறைகளால் இழுத்தவாறு நோயாளர் வாரக்கணக்கிற் கிடந்தனர். ஆயத்தம் என்பது உடலின்மீது பிறர் செய்வதாகவே இருந்தது. நோயாளர் செய்யவேண்டியது பொறுத்திருத்தல் ஒன்றே.

இந்நிலையை முதலில் அசைத்தவர் ஹூஸ்டன் நகரத்து போல் ஹரிங்டன். 1947 முதல் இளம்பிள்ளைவாதத்தால் முதுகு சரிந்த சிறார் பலர் அவரிடம் வந்தனர். மூச்சுத்தசைகள் நலிந்த அச்சிறாரைச் சாந்துக் கவசத்துள் அடைப்பது உயிராபத்தானது. ஆகவே கவசம் செய்த வேலையை உடலுக்குள்ளேயே செய்ய ஒரு வழி தேடினார். கொளுக்கிகளில் மாட்டி நீட்டக்கூடிய உருக்குக் கோல் அவ்வாறே உருவானது. என்பிணைப்பின்றிப் பொருத்திய கோல்கள் முறிந்தமையால் இணைப்பும் சேர்க்கப்பட்டது. 129 நோயாளர் பற்றிய அவரது கட்டுரை 1962இல் வெளிவந்தது. அதன்பின் நிமிர்த்தல் என்பது மாதங்களின் வேலையாக அன்றி, சத்திரசிகிச்சை மேசையின் சில மணி நேர வேலையாயிற்று.

வேகம் புதியதோர் அச்சத்தையும் கொணர்ந்தது. மாதக்கணக்கில் மெல்ல நீட்டப்படும்போது முண்ணாண் இசைந்து கொடுக்கலாம்; நிமிடங்களில் நீட்டப்படும்போது அது சேதமுற்றுக் கால்கள் செயலிழக்கக்கூடும். மயக்கத்தில் இருப்பவரின் கால்கள் இயங்குமா என்பதை எவ்வாறு அறிவது? பிரான்சின் லியோன் நகரத்திலே ஸ்தானாராவும் அவரது சகாக்களும் 1973இல் வெளியிட்ட விடை மிக எளிமையானது: நோயாளரை இடையிலே எழுப்பிக் கேட்பது. கோல் பொருத்தி நிமிர்த்தியபின், முதுகு திறந்தவாறிருக்கவே மயக்கம் தணிக்கப்படும். கையை அசைக்கும்படி முதலிலே கூறுவர். கை அசைந்தால் கட்டளை செவிப்பட்டது என்பது உறுதி. அடுத்துக் கால். கை அசைந்து கால் அசையாவிடின் நிமிர்த்தலை உடனே தளர்த்துவர்.

இச்சோதனை நடைபெற வேண்டுமாயின், நோயாளருக்கு நிகழப்போவது யாதென முன்னரே சொல்லியாக வேண்டும். நடுவிலே எழுப்பப்படுவீர்கள், நோவு இராது, பெயர்சொல்லி அழைப்போம், கையை மூடுங்கள், பாதத்தை அசையுங்கள் என முதல்நாளே விளக்கி ஒத்திகை பார்க்கப்பட்டது. பின்னர் விழித்தெழுந்தோரிற் பெரும்பாலானோர்க்கு இது நினைவிருப்பதில்லை. ஆயினும் இதன் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. பாரே முதல் ஹரிங்டன் வரை நோயாளரின் உடல் மட்டுமே ஆயத்தமாயிற்று; இங்கோ அறிவும் ஆயத்தமாக வேண்டியிருந்தது. சத்திரசிகிச்சையின் மிக இக்கட்டான கணத்திலே, மேசையிற் கிடப்பவரின் விடையை எதிர்நோக்கிச் சத்திரவைத்தியர் கைகட்டி நிற்க நேர்ந்தது. பின்னாளில் நரம்புக் கணத்தாக்கங்களை மின்கருவிகளால் இடைவிடாது அளக்கும் முறைகள் வளர்ந்து இச்சோதனையின் தேவையைப் பெரிதும் குறைத்துவிட்டன.

இனி வளர்ந்தோர் பக்கம் திரும்பலாம். உடல் வளர்ச்சி நின்றதும் வளைவும் நின்றுவிடும் என்பது நெடுங்கால நம்பிக்கை. இருபது வயதைக் கடந்தவரிடம் ‘இனி ஒன்றும் ஆகாது, ஒன்றும் செய்யவும் இயலாது’ எனக் கூறி அனுப்புவதற்கு அது வசதியாயிருந்தது. அயோவாவிலே பொன்செற்றியும் அவரோடு பணியாற்றியோரும், தம் மருத்துவமனைக்கு முன்னாளில் வந்துபோனவர்களைத் தேடிப்பிடித்து மீண்டும் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தனர். 1983இல் வைன்ஸ்ரைனும் பொன்செற்றியும் வெளியிட்ட ஆய்வு 102 பேரைச் சராசரி 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்திருந்தது. 133 வளைவுகளுள் 68 சதவீதமானவை வளர்ச்சிக்காலம் முடிந்த பின்னரும் கூடியிருந்தன. 30 பாகைக்குக் குறைந்தவை பெரும்பாலும் அசையவில்லை. மார்புப் பகுதியில் 50 முதல் 75 பாகை வரையிலானவையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் கூடின. இருபது வயதில் 50 பாகை என்பது அறுபது வயதில் 90 ஆகலாம்! கோணலைச் சுமந்தவாறு வாழ்ந்த மனிதர் நாற்பதாண்டு கழித்து மீண்டும் வந்து நின்றமையாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது.

எனினும் இதிலிருந்து வளர்ந்தோர் அனைவரையும் மேசைக்கு அனுப்ப வேண்டும் என்ற முடிபு பெறப்படவில்லை. அதே அயோவாக் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு, சிகிச்சையின்றி ஐம்பதாண்டு வாழ்ந்த 117 பேரை வளைவில்லாத 62 பேருடன் ஒப்பிட்டது. முதுகுநோவு அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. ஆனால் தொழில் செய்தும் குடும்பம் நடத்தியும் அவர்கள் பெரிதும் இயல்பான வாழ்வு வாழ்ந்திருந்தனர். பக்கவளைவு உடையார் அனைவரும் முடங்கி இளமையில் மடிவர் என்ற பழைய அச்சம், இளம்பிள்ளைவாதம் முதலிய பிற காரணங்களால் வந்த வளைவுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணிய ஆய்வுகளால் வலுப்பெற்றது என்பதும் தெளிவாயிற்று.

வளர்ந்த நோயாளரை உருவாக்கியதில் சத்திரசிகிச்சைக்கும் பங்குண்டு என்பது கசப்பான செய்தி. ஹரிங்டனின் கோல் நேராக நீட்டுவது. நாரிப் பகுதி இயல்பாகவே உட்குழிந்தது. கோல் அதுவரை இறங்கியபோது அக்குழிவு தட்டையாயிற்று. இளமையில் வெற்றியென எண்ணப்பட்டவர்கள் நடுவயதிலே நிமிர்ந்து நிற்கமாட்டாது முன்சாய்ந்து, முழங்காலை மடித்து நின்றவாறு மீண்டும் மருத்துவமனைக்கு வந்தனர். 1970களில் இக்கோளாறு இனங்காணப்பட்டது. முன்னிருந்து எடுத்த படத்தில் தெரியும் கோணத்தை மட்டுமே அளந்து திருப்தியுற்ற துறை, பக்கவாட்டுப் படத்தையும் நோக்கக் கற்றது இவர்களின் துன்பத்தினாலேயாம். வட்டுகள் தேய்வதால் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் வளைவுகளும் உண்டு. முதியோர் தொகை பெருகிய நாடுகளிலே இவ்வகையினரே இன்று பெருந்தொகையினர்.

இவர்களுக்குரிய ஆயத்தம் சிறாருக்குரியதன்று. திருகாணியைப் பற்றிப்பிடிக்க என்பிலே அடர்த்தி வேண்டும். ஆகவே அடர்த்தி அளக்கப்பட்டு, குறையெனின் முதலில் அதற்கு மருந்து தரப்படுகிறது. 1986இல் வெளியான ஓர் ஆய்விலே, நாரியில் என்பிணைப்புச் செய்துகொண்ட புகைப்போரில் 40 சதவீதமானோர்க்கும் புகையாதோரில் 8 சதவீதமானோர்க்கும் என்பு பொருந்தவில்லை. அதுமுதல் புகைத்தலைக் கைவிடுதல் ஆயத்தத்தின் முதல் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. எயிட்ஸ் அச்சம் பரவிய 1980களில், வாரங்களுக்கு முன்பே தம் குருதியைத் தாமே வழங்கிச் சேமித்து வைப்பது வழக்கமாயிற்று. பின்னர் குருதியிழப்பைக் குறைக்கும் திரனெக்சாமிக் அமிலம் அவ்வழக்கத்தின் தேவையைக் குறைத்தது. பிரசவக் குருதிப்பெருக்கால் இறக்கும் தாய்மாரை எண்ணி ஜப்பானிய மருத்துவர் உற்றாக்கோ ஒக்காமொற்றோ தம் கணவருடன் தேடிக்கண்ட மருந்து அது. சுவாசப்பை, இதயம், ஊட்டம் யாவும் சோதிக்கப்படும். வீடு திரும்பியபின் குனியவும் திருகவும் இயலாதாகையால், அன்றாடப் பொருள்களை இடுப்புயரத்துக்கு மாற்றி வைப்பதும், உடலைத் திருகாது ஒருக்களித்துப் புரண்டு எழப் பழகுவதும் ஆயத்தமே. சாந்துக் கவச காலத்திலே பிறர் செய்தவற்றின் இடத்தை, நோயாளர் தம் வீட்டிலிருந்தே செய்பவை பிடித்துக்கொண்டன.

அபாயம் மட்டும் சிறுத்துவிடவில்லை. சிக்கலான வளைவுடைய வளர்ந்தோர் 272 பேரைப் பல நாடுகளின் 15 நிலையங்களில் தொடர்ந்து, 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, மருத்துவமனையை விட்டு நீங்கும்போது ஐவரில் ஒருவருக்கு மேலானோரின் காற்பலம் முன்னையினும் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது ஏறத்தாழப் பத்தில் ஒருவராயிற்று. சியாட்டிலின் வேர்ஜீனியா மேசன் மருத்துவமனை வேறொரு வழியை நாடியது. அங்கே சத்திரவைத்தியர், மயக்கமருந்து நிபுணர், பொது மருத்துவர், தாதியர் ஆகியோர் ஒருங்குகூடி ஒவ்வொரு நோயாளரையும் பற்றி வாதிட்டு, சிலரைச் சத்திரசிகிச்சை வேண்டாமெனத் திருப்பியும் அனுப்பினர். நோயாளரும் குடும்பத்தாரும் ஒரு வகுப்புக்கு வந்தாக வேண்டும். சத்திரவைத்தியர் இருவர் ஒருங்கே பணிபுரிவர். சிக்கல்கள் 52 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தன என 2014இல் அவர்கள் அறிவித்தனர். புதிய கோலோ திருகாணியோ இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று.

சத்திரசிகிச்சை செய்வதா, செய்யாது இருப்பதா என்ற வினாவையும் ஆய்வாளர் சோதனைக்கு உட்படுத்தினர். வட அமெரிக்காவிலே நாரிவளைவால் நோவுற்ற வளர்ந்தோரிற் சிலர், சீட்டுக் குலுக்கியதற்கு ஒப்பாக, இரு பிரிவுகளில் இடப்பட்டனர். 2019இல் முடிவுகள் வெளிவந்தன. சத்திரசிகிச்சையின்றி இருக்குமாறு விதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டாண்டுக்குள் தாமாகவே மேசைக்குச் சென்றுவிட்டனர். விதித்தவாறு கணக்கிட்டபோது இரு பிரிவுக்குமிடையே தெளிவான வேறுபாடு புலப்படவில்லை. உண்மையிற் பெற்ற சிகிச்சையின்படி கணக்கிட்டபோது, சத்திரசிகிச்சை பெற்றோரின் நிலை மேம்பட்டிருந்தது. தெரிவு தம்முடையது என நோயாளர் கொண்டமையால், ஆய்வாளர் ஒரே தரவுகளை இருமுறை கணக்கிட்டு இரண்டையும் அருகருகே வெளியிட வேண்டியதாயிற்று.