நீர்க்காகம் பார்க்கப் போன சிற்பி

நகரத்தில் புதிதாகத் திறக்கிற காபிக் கடைகளில் அண்ணாந்து பாருங்கள். வெள்ளைக் காகிதத்தில் செய்த பெரிய உருண்டை விளக்கு எங்காவது ஒன்று தொங்கும். சுற்றிலும் மெல்லிய வளையங்கள், உள்ளே ஒரு பல்பு. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற சாமான் என்பதால் அதற்கு ஒரு மூலம் இருக்கும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. ஊர், ஆண்டு, பெற்றவர் எல்லாமே அதற்கு உண்டு. ஊர் ஜப்பானின் கிஃபு. ஆண்டு 1951. பெற்றவர் இசாமு நொகுச்சி, கல்லைச் செதுக்கிப் பேர் வாங்கிய சிற்பி. தன் விளக்குகளுக்கு அவர் வைத்த பெயர் அகாரி. வெளிச்சம் என்று பொருள்.

இந்தக் கதையை வழக்கமாக ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். ஹிரோஷிமா போகிற வழியில் நொகுச்சி கிஃபுவில் இறங்கினார், காகித விளக்குப் பட்டறையைப் பார்த்தார், முதல் இரண்டு விளக்குகளுக்கு வடிவம் போட்டுக் கொடுத்தார், அகாரி பிறந்தது. நடந்ததும் அதுதான். ஆனால் அந்த ஊர் விளக்குகளை அதற்கு முன்னும் எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியது இவர் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது? எந்தத் தொழிலிலும் நிலைத்து உட்காராமல் மரம், கல், மை, களிமண், கயிறு, உருக்கு என்று மாறிமாறி அலைந்தாரே, அந்த ஆண்டுகள்தான் அகாரியின் கர்ப்பகாலம் என்பது என் கட்சி.

நொகுச்சி 1904-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். தந்தை யோனே நொகுச்சி, ஜப்பானியக் கவிஞர். தாய் லியோனி கில்மோர், அமெரிக்க எழுத்தாளர். குழந்தைக்கு இரண்டு வயதானபோது தாய் அவரைத் தூக்கிக்கொண்டு ஜப்பானுக்குப் போனார். தந்தையோ வேறு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். பின்னர் கடலோர ஊரான சிகாசாகியில் தாய் ஒரு சின்ன வீடு கட்டியபோது மகனையும் அந்த வேலையில் இழுத்துவிட்டார். உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் உளியும் இழைப்புளியும் பிடிக்கப் பழகினான் பையன். மரத்தோடு மரம் ஆணியில்லாமல் பொருந்தி நிற்பதை அந்த வயதிலேயே கையால் அறிந்தவன், 1918-இல் தன்னந்தனியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பினான். மருத்துவம் படிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அதை விட்டுவிட்டுச் சிற்பத்துக்குத் தாவினார்.

1927-இல் கிடைத்த குகன்ஹைம் உதவித்தொகை அவரைப் பாரிஸில் சிற்பி பிராங்குசியின் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குருவுக்கு ஆங்கிலம் சரளமில்லை, சீடருக்குப் பிரெஞ்சு வராது. ஆகவே பாடம் முழுக்கக் கைவழியே நடந்தது. ரம்பத்தைப் பிடிப்பது, கல்லின் முகத்தைச் சமன்படுத்துவது, ஒரு பொருள் எதற்கு இணங்கும், எதற்கு முரண்டு பிடிக்கும் என்று தெரிந்துகொள்வது. சில மாதங்கள்தான். ஆயுள் முழுக்க அவர் செய்த வேலையில் அந்தப் பட்டறையின் தடம் இருக்கிறது.

அங்கேயே வேரூன்றியிருந்தால் பிராங்குசியின் நல்ல சீடர்களில் ஒருவர் என்று கலை வரலாற்றில் ஒரு வரி கிடைத்திருக்கும். அவர் 1930-இல் பீஜிங் போனார். முதிய ஓவியர் சீ பைஷியிடம் தூரிகையும் மையும் பழகினார். மறு ஆண்டு ஜப்பான். தன் பெயரைத் தாங்கிக்கொண்டு ஜப்பானுக்கு வரவேண்டாம் என்று தந்தை முன்பே கடிதம் எழுதியிருந்தார். அதையும் மீறிப் போய், கியோட்டோவில் குயவர் உனோ ஜின்மட்சுவின் சூளையில் களிமண் பிசைந்தார். பிறகு மெக்சிகோ நகரத்துச் சந்தைக் கட்டடம் ஒன்றில் வண்ண சிமென்டில் நீண்ட சுவர்ச் சிற்பம். குழந்தை அழுவதை அடுத்த அறைக்குக் கேட்கவைக்கும் வானொலிக் கருவிக்கு 1937-இல் பேக்கலைட்டில் ஒரு கூடு. நியூயார்க்கில் அசோசியேட்டட் பிரஸ் கட்டட வாசலுக்கு 1940-இல் துருப்பிடிக்காத உருக்கில் பெரிய புடைப்புச் சிற்பம். இவரைச் சிற்பி வரிசையில் வைப்பதா, வடிவமைப்பாளர் வரிசையில் வைப்பதா என்று கலை உலகம் கடைசி வரை திணறியது.

இந்த அலைச்சலில் இரண்டு இடங்களில் நின்று பார்த்தால் போதும், அகாரி தெரிந்துவிடும்.

முதலாவது, 1935-இல் நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமுக்காகப் போட்ட மேடை. படைப்பின் பெயர் ‘ஃபிரான்டியர்’. அமெரிக்காவின் பரந்த சமவெளி மேடைக்கு வரவேண்டும். நொகுச்சி திரை எழுதவில்லை, மலை கட்டவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு வேலித் துண்டு. அதன் பின்னிருந்து இரண்டு கயிறுகள் மேடையின் இரு மேல்மூலைகளுக்கும் விரிந்து போகும். அவ்வளவுதான். இரண்டு கயிற்றில் மொத்த வெளியும் உருவம் எடுத்துவிட்டது. சிற்பத்துக்கு எடை அவசியமில்லை என்று ஒரு கல் ஆள் கண்டுகொண்ட இடம் இது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிரஹாமுக்கு மேடை செய்து கொடுத்தார்.

இரண்டாவது, போர்க்காலம். 1942-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசாங்கம் மூட்டை முடிச்சோடு பாலைவன முகாம்களில் அடைத்தது. நியூயார்க்வாசியான நொகுச்சியை அந்த உத்தரவு தொடவில்லை. அவராகவே அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்குள் போனார். அடைபட்டிருப்பவர்களுக்குக் கைத்தொழில் பட்டறை அமைப்போம், பூங்கா போடுவோம், வாழத்தக்க இடமாக்குவோம் என்ற எண்ணம். வரைபடங்கள் தயார், பொருள் வரவில்லை, மேலிடத்துக்கு அக்கறையும் இல்லை. தானாக உள்ளே போனவர் நினைத்தபோது வெளியே வர முடியவில்லை. மே மாதம் போனவர் நவம்பரில்தான் வெளியேறினார்.

நியூயார்க் திரும்பியதும் அவர் செய்யத் தொடங்கியவை ‘லூனார்’ எனப்படும் நிலாச் சிற்பங்கள். மேக்னசைட் என்ற காரையைக் குழைத்து மேடும் பள்ளமுமாக உருவம் செய்து, உள்ளே மின்விளக்கை மறைத்துவைத்தார். வளைவுகளுக்குள்ளிருந்து வெளிச்சம் கசியும். வெளியிலிருந்து ஒளி வாங்கி நிற்பதுதான் உலகத்துச் சிற்பங்களின் வழக்கம். இங்கே ஒளி சிற்பத்தின் உடம்புக்குள்ளிருந்தே வந்தது. பாலைவனத்தில் அந்த மாதங்களைக் கழித்த ஒருவர் வெளியே வந்ததும் வெளிச்சத்தைச் சுமக்கும் பொருள்களாகச் செய்தார் என்பதை என்னால் தற்செயல் என்று கடந்துபோக முடியவில்லை. ஆனால் காரை கனம், சுவரோடு கட்டுண்டது. 1944-இல் மூன்று கால் வைத்த ஓர் உருளை விளக்கும் செய்தார். நோல் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. தேடியது இரண்டிலும் முழுதாகக் கிட்டவில்லை. ஒளியைத் தடுக்காமல், அதற்கு உருவம் மட்டும் கொடுக்கிற ஒரு பொருள் அவருக்கு வேண்டியிருந்தது.

1949-இல் பொலிங்கன் அறக்கட்டளையின் உதவியோடு நீண்ட பயணம் கிளம்பினார். சிற்பத்துக்கும் மக்கள் வாழ்க்கைக்கும் எங்கே உறவு இருந்தது என்று பார்ப்பதே நோக்கம். இந்தியாவுக்கும் வந்தார். ஜெய்ப்பூரிலும் டெல்லியிலும் ஜந்தர் மந்தரைப் புகைப்படங்களாக எடுத்துத் தள்ளினார். வானத்தை அளக்கக் கட்டிய அந்தப் படிக்கட்டுகளும் வளைவுகளும் அவருக்குக் கருவியாகவும் சிற்பமாகவும் ஒரே நேரத்தில் தெரிந்தன. 1950-இல் ஜப்பான் சேர்ந்தார். ஹிரோஷிமாவில் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்துக்கொண்டிருந்த அமைதிப் பூங்காவை ஒட்டிய இரண்டு பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் செய்யும் வேலை வந்தது. அதற்காகப் போகும்போதுதான் 1951 கோடையில் கிஃபுவில் இறங்கினார்.

இறங்கியது நீர்க்காகம் பார்க்க. கிஃபுவின் நகாரா ஆற்றில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் மீன்பிடி அது. இருட்டியபின் நீண்ட படகுகள் வரும். ஒவ்வொன்றின் முனையிலும் இரும்புக் கூடையில் பைன் கட்டை கொழுந்துவிட்டு எரியும். கழுத்தில் கயிறு கட்டிய நீர்க்காகங்கள் அந்த வெளிச்சத்தில் முங்கி ஆயு மீனைக் கவ்விக்கொண்டு வரும். விழுங்க முடியாதபடி கயிறு தடுக்க, மீனவர் பறவையைப் படகுக்கு இழுத்து மீனைக் கக்க வைப்பார். வேடிக்கை பார்ப்பவர்களின் படகுகளில் வரிசையாகக் காகித விளக்குகள் தொங்கும்.

அந்த விளக்குகள் கிஃபுவின் சொந்தத் தொழில். பக்கத்து மினோ பகுதியில் நல்ல காகிதம் கிடைத்தது, சுற்றுவட்டாரத்தில் மூங்கில் கிடைத்தது, தொழில் வளர்ந்தது. நீத்தாரை நினைக்கும் ஓபோன் நாள்களில் வீட்டில் ஏற்றும் முட்டை வடிவ விளக்கில் பூவும் புல்லும் மெல்லிசாகத் தீட்டியிருக்கும். போருக்குப் பின் தொழில் நொடித்துப்போய், மலிவான அலங்காரச் சாமான் செய்யும் நிலைக்கு இறங்கியிருந்தது. வெளிநாட்டில் பேர் வாங்கிய சிற்பி ஊருக்கு வந்திருக்கிறார் என்றதும் நகர மேயர் அவரிடம் கேட்டார்: வெளிநாட்டுக்கு அனுப்பும்படியாக ஏதாவது செய்து, இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தித் தர முடியுமா? 1891 முதல் விளக்குத் தொழிலில் இருந்த ஒஸேகி பட்டறைக்கு நொகுச்சி போனார்.

அங்கே வேலை இப்படி நடக்கும். முதலில் மர அச்சு. பிறை வடிவில் அறுத்த பலகைகளை ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி வட்டமாக நிறுத்தி மேலும் கீழும் தட்டில் செருகுவார்கள். ஒவ்வொரு பலகையின் வெளிவிளிம்பிலும் சிறுசிறு வெட்டுகள். ஈர்க்குச்சி அளவுக்குச் சீவிய மூங்கிலை அந்த வெட்டுகளில் பதியவைத்து உச்சியிலிருந்து அடிவரை சுற்றிக்கொண்டே வரவேண்டும். இறுக்கினால் முறியும், தளர்த்தினால் உருவம் கெடும். சுற்றி முடித்ததும் மூங்கிலில் பசை. மல்பெரி இனத்து கோசோ மரப்பட்டையின் நாரிலிருந்து செய்த வாஷி காகிதத்தை நீளப் பட்டைகளாக ஒட்டி, மிகுந்த ஓரத்தைக் கத்தியால் சீவி, காயவிடுவார்கள். காய்ந்தபின் நடப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. விளக்கின் வாய் வழியே கையைவிட்டு, உள்ளேயிருக்கும் அச்சைப் பலகை பலகையாகக் கழற்றி வெளியே எடுப்பார்கள். தாங்கி நின்ற மரம் மொத்தமும் போய்விடும். உருவம் மட்டும் அப்படியே நிற்கும். அமுக்கினால் தட்டையாகப் படியும், இழுத்தால் மறுபடி உயிர்க்கும்.

காரையில் குழைத்தும் உருளையில் அடைத்தும் அவர் தேடிக்கொண்டிருந்தது இதுதான். தச்சரிடம் பழகிய பையனுக்கு அந்தப் பிறைப் பலகைகளின் பொருத்து புரிந்தது. தூரிகை பிடித்தவருக்குக் காகிதத்தின் நார் தெரிந்தது. இரண்டு கயிற்றில் மேடையை நிரப்பியவருக்கு மூங்கில் கோடுகள் தாமே உருவம் என்று தெரிந்தது.

நொகுச்சி சேர்த்ததைவிட நீக்கியது அதிகம். பூவையும் புல்லையும் எடுத்தார். விளக்கின் வாயிலும் அடியிலும் இருந்த கனத்த மர வளையங்களை எடுத்தார். மெழுகுவத்திக்குப் பதில் பல்பு வந்தது. விளக்கை விரித்துப் பிடிக்க உள்ளே மெல்லிய கம்பிச் சட்டம் ஒன்று. பிறகு வடிவத்தில் கைவைத்தார். உருண்டை, முட்டை என்று நிற்காமல் தூண், பெட்டி, ஒருபக்கம் சரிந்த மலை, பூமியில் எதையும் ஒத்திராத உருவங்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். கண்ணைக் குத்தும் பல்பு வெளிச்சம் வாஷியின் நார்களில் பரவி, சாயங்கால வெயில்போல் மென்மையாகிவிட்டது. மடித்தால் தட்டை அட்டைப்பெட்டிக்குள் அடங்கியதால் கடல் கடந்து போவதும் சுலபமாயிற்று. மேயர் கேட்டது அதைத்தானே.

அடுத்த ஆண்டு ஹிரோஷிமாவில் ஓர் அடி விழுந்தது. அணுகுண்டில் மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னத்துக்கு டாங்கேயின் அழைப்பின் பேரில் நொகுச்சி ஒரு வடிவம் செய்தார். குழு அதை நிராகரித்தது. அவர் அமெரிக்கர் என்பதே தடையாகிவிட்டது. ஜப்பானிய ரத்தத்துக்காக அமெரிக்கா முகாமுக்குள் வைத்திருந்த மனிதரை, அமெரிக்கக் குடியுரிமைக்காக ஜப்பான் வாசலில் நிறுத்தியது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை. அவர் செய்த பாலச் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்தக் காலத்தில் அவர் நடிகை யோஷிகோ யாமாகுச்சியை மணந்து, குயவர் கிதாஒஜி ரோசான்ஜினின் கிதா-காமாகுரா நிலத்திலிருந்த பழைய பண்ணை வீட்டில் குடியிருந்தார். பகலெல்லாம் களிமண். கூடவே விளக்குகளும் பெருகிக்கொண்டிருந்தன.

அகாரி பரவியதும் போலிகள் வந்தன. நொகுச்சி அதற்குக் கண்டுபிடித்த மருந்து, புதுப்புது வடிவங்களைப் போட்டுக்கொண்டே இருப்பது. கிஃபுவுக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1988-இல் அவர் இறப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகள் பிறந்திருந்தன.

1986-இல் வெனிஸ் கலைக்காட்சியில் அமெரிக்காவின் சார்பாக நிற்கும் கௌரவம் 81 வயதில் அவருக்கு வந்தது. காட்சிக்குச் ‘சிற்பம் என்றால் என்ன?’ என்று தலைப்பு வைத்து, குழந்தைகள் ஏறிச் சறுக்கக்கூடிய வெள்ளைப் பளிங்குச் சறுக்குமரம் ஒன்றையும், கூடவே அகாரிகளையும் கொண்டுபோய் வைத்தார். கடையில் விற்கும் விளக்கை இங்கே கொண்டுவந்து வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தப் பெருமைக்குரிய அரங்கில் தன் பளிங்குகளை மட்டும் வரிசையாக நிறுத்தியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். கிஃபுவின் விளக்கை விட்டுவிட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை. அவர் செய்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த காரியம் இது.

ஒஸேகி பட்டறை இன்றும் மர அச்சில் மூங்கில் சுற்றித்தான் அகாரி செய்கிறது. அசலில் சூரியனும் பிறையும் சேர்ந்த சிவப்பு முத்திரை இருக்கும். மூங்கில் சுற்றியவர், காகிதம் ஒட்டியவர் பெயர் இருக்காது. அவர்கள் பெயரையும் ஒரு மூலையில் பொறித்தால் என்ன?