தழும்பை ஆற்ற வந்த ஊசி

ரொறன்ரோவில் வாழும் என் பெறாமகள் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரிக்கும் அழைப்பு என்றே எண்ணினேன். பத்து நிமிடம் ஊர்ப் புதினம் பேசிய பின்னரே விடயத்துக்கு வந்தாள். பதின்ம வயதில் வந்த முகப்பரு அவளுடைய இரு கன்னங்களிலும் குழிகளை விட்டுச் சென்றிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றைச் சீர்செய்ய விரும்பி ஓர் அழகு நிலையத்தில் லேசர் சிகிச்சை செய்துகொண்டாள். குழிகள் போகவில்லை. அவற்றைச் சுற்றிக் கருந்திட்டுகள் படர்ந்தன. அவை மங்குவதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த ஓராண்டில் எந்தக் குடும்ப நிகழ்விலும் அவள் படம் எடுக்க நிற்கவில்லை என்று அவளுடைய தாயார் சொல்லக் கேட்டிருந்தேன். இப்போது நுண்ணிய ஊசிகளால் முகத்தைக் குத்தும் ‘மைக்ரோநீட்லிங்’ என்னும் சிகிச்சையைச் செய்து பார்க்கும்படி சிலர் சொல்கிறார்களாம்.

“பெரியப்பா, நீங்கள் பேப்பரில வேலை செய்த ஆள். இது உண்மையோ, வெறும் விளம்பரமோ எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ. திரும்பவும் முகம் கறுத்தால் என்னால தாங்கேலாது” என்றாள்.

வைத்தியம் நான் கற்ற துறை அல்ல. எனினும், ஒரு செய்தி கைக்கு வந்தால் அதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எதைக் கண்டு சொன்னார் என்று பின்னோக்கித் தேடிச் செல்வது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். அப்படித் தேடியதில் கிடைத்தவற்றை அவளுக்கு எழுதினேன். வேறு பலருக்கும் பயன்படலாம் என்பதால் சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

விளம்பரங்கள் சில, இச்சிகிச்சையைச் சீனத்து அக்குபங்சரின் வழிவந்தது என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையை அதற்குச் சூட்டுகின்றன. இரண்டிலும் ஊசி இருக்கிறது என்பதற்கு மேல் இவ்வுறவில் எதுவும் இல்லை. முகத் தழும்பைச் சீர்செய்யும் நவீன முயற்சியின் தொடக்கத்தில் ஊசியே கிடையாது. ஜேர்மனியத் தோல் வைத்தியரான ஏர்ண்ஸ்ற் குறோமையர், பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் சுழல் கருவியை ஒத்த கருவிகளைக் கொண்டு தோலைத் தேய்த்தெடுக்கும் முறையை 1905 இல் எழுதி வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947 இல், ஐவர்சன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், விபத்துகளின்போது முகத்தினுள் புதைந்துபோன கரியையும் தூசியையும் அகற்றுவதற்கு உப்புத்தாளைப் பயன்படுத்தினார். ஆம், தச்சர் மரத்தைத் தேய்க்கும் அதே வகைத் தாள்தான். 1953 இல் நியூயோர்க் வைத்தியர் ஏப்னர் கேர்ட்டின், வேகமாகச் சுழலும் கம்பித் தூரிகையால் தழும்புகளைச் செதுக்கும் முறையை விவரித்தார்.

பின்னர் லேசர் வந்தது. காபனீரொட்சைட்டு லேசரை 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர், மராட்டிய மண்ணில் பிறந்த குமார் பட்டேல். அவர் தோலை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனால் 1990களில் அக்கதிர், முகத்தோலின் மேற்படையை ஆவியாக்கி அகற்றும் கருவியாகப் பெரும் புகழ் பெற்றது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: தோலின் மேற்படையை அகற்றிவிடு, புதுத்தோல் வளரட்டும். வெள்ளைத் தோலில் இது பல வேளைகளில் அழகாகவே வேலை செய்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளை ஆக்கும் கலங்கள், மேற்படையின் அடித்தளத்தில் அமர்ந்திருக்கின்றன. தேய்ப்பும் வெப்பமும் அவற்றைத் தாக்கினால், அவை வெகுண்டு அளவுக்கு மீறிக் கருமையைக் கொட்டும். அல்லது செத்துப்போய் வெண்திட்டை விட்டுச் செல்லும். கலங்கள் சுறுசுறுப்பாக நிறம் ஆக்கும் கறுத்த, மாநிறத் தோலில் இந்த ஆபத்து மிக அதிகம். என் பெறாமகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் இடந்தரவில்லை. தோலின் வகைகளை எண்ணிட்டுக் குறிக்கும் அளவுகோல் ஒன்றை அமெரிக்கத் தோல் வைத்திய அறிஞர் தோமஸ் ஃபிட்ஸ்பற்றிக் 1975 இல் வகுத்தார். உலகெங்கும் இன்றும் அதுவே புழங்குகிறது. முதலில் அதில் இருந்தவை நான்கு வகைகள் மாத்திரமே. நான்கும் வெள்ளைத் தோலின் உட்பிரிவுகள். நம்மையும் ஆபிரிக்க மக்களையும் குறிக்கும் ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன. அவர் வஞ்சகமாகச் செய்தார் என்று நான் கூறவில்லை. அவர் முன்னிருந்த நோயாளிகளுக்காக அவர் வகுத்த அளவுகோல் அது. ஆனால் ஒரு சிகிச்சையை ‘பாதுகாப்பானது’ என்று எவரேனும் சொல்லும்போது, யாருடைய தோலில் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

ஊசி இக்கதையினுள் நுழைவது 1990களின் நடுவில். 1995 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த டேவிட் ஒறென்றைக், நோர்மன் ஒறென்றைக் ஆகிய இருவரும், தழும்பின் அடியிலே ஊசியைச் செலுத்தி, தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்துவிடும் முறையை வெளியிட்டனர். குழி மேலெழுந்தது. அறுத்த இடத்தில் புதிய இழையமும் வளர்ந்தது.

அடுத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. மொன்றியல் நகரில் அன்ட்றே கமிறான் என்ற பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம், முகச் சத்திரசிகிச்சையின் தழும்புகள் வெளுத்துப்போன நோயாளிகள் இருவர் இருந்தனர். வெளுப்பை மறைப்பதற்காக, பச்சை குத்தும் கருவியால் அத்தழும்புகளில் தோல்நிறச் சாயம் குத்தப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் சாயம் மறைந்துவிட்டது. சிகிச்சை தோற்றது என்றுதான் எவரும் எழுதி முடித்திருப்பர். ஆனால் தழும்புகளைக் கூர்ந்து பார்த்தபோது அவை தட்டையாகி, மென்மையாகி, இயல்பான நிறமும் திரும்பியிருந்தன. வேலை செய்தது சாயமா, ஊசியா? சாயமே இல்லாமல் வெறும் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். அதன் விளைவை 1997 இல் கமிறானும் டூசே என்பவரும் கட்டுரையாக வெளியிட்டனர்.

அதே காலத்தில் தென்னாபிரிக்காவின் கேப் டவுண் நகரில் டெஸ் ஃபெர்னாண்டெஸ் என்ற பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர், மேலுதட்டின் மேல் விழும் நுண்சுருக்கங்களுக்குத் தடித்த ஊசியால் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். பயன் இருந்தது; ஆனால் குருதிக் கசிவினால் கன்றிப்போவதும் கட்டிகள் தோன்றுவதும் உண்டு. பச்சை குத்தும் கருவியையும் கையாண்டு பார்த்தார். பெரிய பரப்புக்கு அது மிக மெதுவானது; துளைகள் அளவுக்கு மீறி நெருங்கியும் ஆழம் போதாமலும் இருந்தன. ஆகவே சிறிய உருளை ஒன்றில் ஊசிகளைப் பதித்து முகத்தின் மீது உருட்டும் கருவியை வடிவமைத்தார். கேக் மாவில் துளையிடும் உருளையைப் பார்த்தவர்களுக்கு அதன் தோற்றம் விளங்கும். தன் முறையை 1996 இல் தாய்பே நகரில் நடந்த மாநாட்டில் எடுத்துரைத்தார். 2005 இல் விரிவாக எழுதினார். அவர் வலியுறுத்திய கருத்து முந்தியவர்களுக்கு நேரெதிரானது. மேற்படையை அகற்றக் கூடாது, அதைப் பேணிக் காக்க வேண்டும் என்றார் அவர்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. குத்தினால் புதுத் தழும்பு வராதா? என் இடது புயத்தில் சிறுவயதில் அம்மைப்பால் குத்திய வடு இன்றும் ஐந்து சத நாணயம் போல இருக்கிறது. அதுவும் ஊசியின் வேலைதானே?

அல்ல என்பதே விடை. அவ்வடுவை உண்டாக்கியது ஊசியன்று. ஊசி கொண்டுபோன வைரசு. அது தோலில் பெருகி, கொப்பளமாகி, இழையத்தை அழித்து ஆறியதன் அடையாளம் அது. தூய நுண்ணூசியின் துளையோ மயிரிழை போன்றது. முகத்தோலின் மேற்படை ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. தழும்புகளுக்கான ஊசிகள் அதைக் கடந்து 1.5 முதல் 2.5 மில்லிமீற்றர் வரை, உட்படைக்குள் இறங்குகின்றன. மேலே துளை சில மணித்தியாலங்களில் மூடிவிடுகிறது. உள்ளே, நுண் குருதிக்கலன்கள் அறுபட்டதால் குருதிச் சிறுதட்டுகள் வந்து சேர்ந்து வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. அந்த அழைப்பைக் கேட்டு நார் ஆக்கும் கலங்கள் வந்து, முதலில் மூன்றாம் வகைக் கொலாஜனை இடுகின்றன. பின்வரும் மாதங்களில் அது உறுதியான முதலாம் வகையாக மாற்றப்படுகிறது. பெரிய காயம் ஆறும்போது நடப்பதும் இதுவே. அங்கே அவசரம், நார்கள் ஒரே திசையில் கற்றையாகக் குவிந்து தழும்பாகின்றன. இங்கே ஒவ்வொரு காயமும் மிகச் சிறியது, சுற்றிலும் நலமான தோல் இருக்கிறது. ஆகவே புதிய கொலாஜன் இயல்பான வலைப்பின்னலை ஒத்து அமைகிறது. குழியைக் கீழே பிடித்திருக்கும் பழைய நார்களும் சில அறுபடுகின்றன.

இவ்வளவும் ஓரிரவில் நடப்பதில்லை. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று முதல் ஆறு தவணைகள் தேவைப்படும். முழுப் பயனும் தெரிய மேலும் பல மாதங்கள் செல்லும். ‘மதிய இடைவேளையில் புதிய முகம்’ என்று விளம்பரம் எழுதுபவர் இந்த வரலாற்றை வாசித்தவர் அல்லர்.

சான்றுகள்? 2008 இல் தென்னாபிரிக்காவிலும் ஜேர்மனியிலும் சிகிச்சை பெற்ற 480 பேரின் பதிவுகளை ஃபெர்னாண்டெஸும் ஜேர்மனிய வைத்தியர்களும் ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் சிலரின் தோல் மாதிரிகளில் கொலாஜன் கணிசமாகக் கூடியிருந்தது. கருவியை உருவாக்கியவரே ஆராய்ச்சியிலும் இருப்பதை நான் பழைய பத்திரிகைக்காரன் என்ற முறையில் குறித்துக்கொள்கிறேன். ஆகவே 2009 இல் காசுமீரின் சிறிநகரிலிருந்து வந்த சிறிய ஆய்வு எனக்கு முக்கியமாகப் பட்டது. சிகிச்சையை முடித்த 36 பேரில் 34 பேரின் முகத் தழும்புகளின் கடுமை குறைந்தது. பாரதூரமான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாதது அதன் குறை. ஆயினும் அது நம்மைப் போன்ற தோலில் செய்யப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 22 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் பருத் தழும்புகளுக்கு இவ்வகை மின் ஊசிக் கருவி ஒன்றை 2018 மார்ச்சில் அனுமதித்தது.

அவளுக்கு மிக அழுத்தமாக எழுதிய பகுதி இனித்தான். கருமை படரும் ஆபத்து லேசரைவிடக் குறைவு. முற்றாக இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வெயிலில் காட்டினால் அது கூடும். காயம் பட்ட இடமெல்லாம் தடித்து வளரும் கீலொயிட் உடல்வாகு உள்ளவர்களும், முகத்தில் பரு இப்போதும் சிவந்து கொதித்துக்கொண்டிருப்பவர்களும் தவிர்க்க வேண்டும். ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இறங்கும் துளை போன்ற குழிகளுக்கு இதனால் பயன் குறைவு. குத்திய கையோடு முகத்துக்கான களிம்புகளைப் பூசுவதும் பெருந்தவறு. மேற்பூச்சுக்காகச் செய்யப்பட்ட பொருட்கள் தோலினுள் புகுந்து, முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகளை உண்டாக்கிய மூன்று பெண்களின் நிலை 2014 இல் ஒரு தோல் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

தூய்மை இன்னும் பெரிய விடயம். நோயாளியின் குருதியிலிருந்தே பிரித்தெடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துக் குத்தும் முறையொன்று, 2013 இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரத்தின் இரத்தம் தோய்ந்த முகப்படத்தால் உலகெங்கும் பேசப்பட்டது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் உரிமம் இன்றி அதைச் செய்த நிலையம் ஒன்று 2018 இல் மூடப்பட்டது. அங்கு சென்றவர்களிடையே எச்.ஐ.வி. தொற்றுப் பரவியிருந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024 இல் அறிக்கையிட்டது. ஊசியுடன் வானொலி அலை வெப்பத்தையும் சேர்த்துச் செலுத்தும் வகையோ வேறு கதை. தீக்காயம், தழும்பு, நரம்புச் சேதம் பற்றிய முறைப்பாடுகளைச் சுட்டி 2025 ஒக்ரோபரில் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. வெப்பம் சேர்ந்தால் பழைய ஆபத்துகளும் சேர்ந்தே வருகின்றன.

வீட்டில் உருட்டுவதற்கென இணையத்தில் விற்கும் உருளைகளில் பல 0.2, 0.3 மில்லிமீற்றர் ஊசிகள் கொண்டவை. அவை ஆழ்ந்த தழும்புக்கு எட்டா. நீண்ட ஊசியை வாங்கி வீட்டில் உருட்டுவது பற்றி நான் எழுதியதை அவள் தன் தோழியருக்கும் அனுப்பினாளாம். அவர்களுள் ஒருத்தி அப்போதுதான் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள்.

என் பெறாமகள் அழகு நிலையத்தை விட்டு, மாநிறத் தோலில் அனுபவமுள்ள தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் சென்றாள். முதலில் காதின் முன்புறம் ஒரு சிறு இடத்தில் குத்திப் பார்த்து ஆறு வாரம் காத்திருந்தார்கள். கருமை வரவில்லை. அதன் பின்னர் இரு தவணைகள் முடிந்துள்ளன. ஒவ்வொரு முறையும் மூன்று நாள் முகம் வெயிலில் நின்றவள் போலச் சிவந்ததாகச் சொன்னாள். இடது கன்னம் சற்றுச் சமமாகியிருப்பதாக அவள் சொல்கிறாள். தாயாருக்கு வேறுபாடு தெரியவில்லையாம். படம் அனுப்பு, பார்க்கிறேன் என்றேன். நான்காவது தவணை முடியட்டும் பெரியப்பா என்றாள்.