பார்த்துக்க மாட்டியா?

போன தீபாவளிக்கு அக்கா தன் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி போர்ஷன், வாடகை வீடு. குட்டிப் பையனுக்கு ஒன்றேகால் வயசு. அம்மா அடுப்படியில் அதிரசத்தோடு போராட்டம், அக்கா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள், நான் வழக்கம்போல செல்போனில். இரண்டே நிமிஷம்தான். டமார்னு ஒரு சத்தம்.

ஓடிப்போய் பார்த்தால், படுக்கையறையில் இருந்த டிராயர் அலமாரி முன்னால் சாய்ந்து கட்டில் விளிம்பில் முட்டி நிற்கிறது. அடியில் முக்கோணமாக ஒரு இடைவெளி. அதற்குள் குட்டிப் பையன். நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். கட்டில் அரை அடி தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை.

பயலின் டெக்னிக் என்னவென்றால், கீழ் டிராயரை இழுத்திருக்கிறான், அடுத்ததை இழுத்திருக்கிறான், அதற்கடுத்ததையும் இழுத்துவிட்டு, மாடிப்படி மாதிரி ஏறியிருக்கிறான்!

அப்பா வந்தார். அக்காவைப் பார்த்து முதல் கேள்வி: "குழந்தையைப் பார்த்துக்க மாட்டியா?" அம்மாவும் அதையே கேட்டாள். எதிர் வீட்டுப் பாட்டியும் அதையே கேட்டார். அக்கா அழுதாள். அலமாரியை மட்டும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் கேட்கப்போவது அதைத்தான்.

சாமானே இல்லாத வீடு

கொஞ்சம் கொசுவத்தி சுற்றலாம். மதுராந்தகம் பக்கத்தில் இருந்த எங்கள் பாட்டி வீட்டில் மரச்சாமான் என்று சொல்ல என்ன இருந்தது? மனைப்பலகை, ஒரு முக்காலி, ஒரு மரப்பெட்டி. சாப்பாடு தரையில், தூக்கம் பாயில். பாயிலிருந்து குழந்தை உருண்டால் விழுவதற்கு உயரமே கிடையாது! பண்டபாத்திரம் எல்லாம் பரணில். தவழும் குழந்தை வெளியே போகாமல் இருக்க வாசலில் குறுக்கே ஒரு பலகை. இத்தனைக்கும் மேலே, வீட்டில் எந்த நேரமும் நாலு ஜோடிக் கண்கள் இருக்கும். அந்த வீட்டில் "பார்த்துக்க மாட்டியா" என்ற கேள்விக்கு ஒரு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள்.

குழந்தைக்கென்று செய்த சாமான்கள் இரண்டே இரண்டு: தொட்டில், நடைவண்டி. தமிழில் இவற்றுக்கு ரொம்பப் பழைய கதை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. தச்சர் செய்து கொடுத்த தேரைப் பிள்ளைகள் உருட்டுவது பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. அதுதான் இன்றைய நடைவண்டி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைக்கு மூன்று சக்கரத்தில் மரச்சாமான் என்ற எண்ணம் நம் ஊரில் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பாருங்கள்: தவழ்கிற செங்கீரை, தாலாட்டுகிற தாலம், நடந்து வருகிற வருகை, கடைசியில் சிறுதேர். குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று நம் புலவர்கள் ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். ஒன்றேகால் வயதுப் பயல் டிராயரில் ஏறுவான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது, பாவம். டிராயர் இல்லையே!

உடனே "அந்தக் காலம் பொற்காலம்" என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். கிணறு, விறகடுப்பு, குத்துவிளக்கு எல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தன. சேலைத் தூளி கைக்குழந்தைக்கு எவ்வளவு சுகமோ, அதே தூளியில் கொஞ்சம் பெரிய குழந்தை சுற்றி விளையாடினால் அவ்வளவு ஆபத்து. கழுத்தில் சேலை இறுகிக் குழந்தை இறந்த செய்தி இன்றும் பேப்பரில் வருகிறது. குழந்தை தூங்கி எழுந்ததும் தூளியை எடுத்து மேலே முடிந்துவிடும் பழக்கம் பாட்டிக்கு இருந்தது. காரணம் கேட்டால் வேறு ஏதாவது சொல்வார், ஆனால் பழக்கம் சரியானது.

பீரோவும் டிவியும் வந்த கதை

பீரோ என்பது எழுதும் மேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம்மிடம் வந்ததும் அது இரும்பு அலமாரி ஆகிவிட்டது. கோத்ரெஜ் கம்பெனி 1923இல் ஸ்டீல் அலமாரி செய்ய ஆரம்பித்தது. பிறகு கல்யாணச் சீர்வரிசையில் பீரோ கட்டாயம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பீரோவின் முன்காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துச் சுவர்ப்பக்கம் லேசாகச் சாய்ப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? கதவு தானாகத் திறக்காமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். முன்னால் கவிழாமல் இருப்பதற்கும் அதுதான் எளிய வழி.

அடுத்து டிவி. 2006இல் பதவிக்கு வந்த தி.மு.க. அரசு, தேர்தலில் சொன்னபடி வீடு வீடாக இலவசக் கலர் டிவி கொடுத்தது. 14 அங்குல, பழைய பிக்சர் டியூப் டிவி. எங்கள் தெருவில் பல வீடுகளில் டிவி வந்தது, டிவி ஸ்டாண்ட் வரவில்லை. ஸ்டூல் மேலே, தகர டிரங்குப் பெட்டி மேலே வைத்தார்கள். பிக்சர் டியூபில் கனமான கண்ணாடி முன்பக்கம் இருக்கும். அதனால் எடை முழுக்க முன்னால் தள்ளி நிற்கும். ஒயரைப் பிடித்து இழுத்தாலே குப்புற விழும். அந்த டிவிகள் இப்போது பெரும்பாலும் காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் ஒரு விஷயம் அப்போதே மாறிவிட்டது. வீட்டில் சாமான் ஏறியது, ஆள் குறைந்தது. தாம்பரத்திலிருந்து காலை மின்சார ரயிலில் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், அந்த நாலு ஜோடிக் கண்கள் எங்கே?

வட்ட வாக்கர்

நடைவண்டியில் குழந்தை நின்றபடி தள்ளும். அலுத்தால் உட்கார்ந்துவிடும். வட்டமாக இருக்கும் பேபி வாக்கரில் குழந்தை நடுவில் தொங்கிக்கொண்டு காலால் உந்தும். இது நவீன கண்டுபிடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். 1440 வாக்கில் நெதர்லாந்துப் பகுதியில் எழுதப்பட்ட ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தில், குழந்தை இயேசு சக்கரம் வைத்த மரச்சட்டத்துக்குள் நடக்கும் படம் இருக்கிறது!

வட்ட வாக்கரில் ஒரு குழந்தை ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும். பக்கத்திலேயே நின்றாலும் பிடிக்க முடியாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 1990 முதல் 2014 வரை அமெரிக்காவில் வாக்கர் காயங்களுக்காக அவசர சிகிச்சைக்கு வந்த 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் சுமார் 2,30,000 பேர். நாலில் மூன்று பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். அங்கே 1990களில் வாக்கரின் வடிவத்துக்கு விதிகள் வந்தன. அகலமாக்கினார்கள், படியோரம் வந்தால் நிற்கிற மாதிரி செய்தார்கள். 1990இல் ஆண்டுக்கு 20,000க்கு மேல் இருந்த காயங்கள் 2003இல் 3,200 ஆயின. அந்தப் பதிமூன்று வருஷத்தில் அமெரிக்க அம்மாக்கள் எல்லாம் திடீரென்று கவனமாகிவிட்டார்களா என்ன? மாறியது சாமான்!

கனடா இன்னும் ஒரு படி மேலே போனது. 2004 ஏப்ரலில் வாக்கர் விற்பனையையே தடை செய்த முதல் நாடு அதுதான். பழைய வாக்கரை வீட்டு வாசலில் வைத்து விற்பதுகூட அங்கே குற்றம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை நினைத்துப் பார்க்கிறேன். பழைய சாமானைத் தேடிப் போகிறவர்களுக்கு அது சொர்க்கம், எனக்கும் பிடித்த இடம். ஆனால் பழைய தொட்டில் கட்டிலை வாங்கும்போது நாம் மரத்தைத் தட்டிப் பார்ப்போம், விலையைக் குறைப்போம். கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்ததுண்டா? 1973இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி அது ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்பதுதான் காரணம். ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

நம்ம வில்லன்: டிராயர் அலமாரி

நான் பி.காம். படிப்பவன், பத்தாவதோடு பிசிக்ஸுக்குக் கும்பிடு போட்டவன். இருந்தாலும் இது புரிகிறது. டிராயர் திறக்கத் திறக்க எடை முன்னால் வருகிறது. அதில் பத்துக் கிலோ பையன் ஏறினால், எடையின் மையம் முன்காலைத் தாண்டிவிடும். தாண்டினால் கவிழும்.

2016 ஜூனில் ஐகியா கம்பெனி அமெரிக்காவில் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. குழந்தைகள் சிலர் அடியில் சிக்கி இறந்த பிறகு. அதற்கு முன்பு கம்பெனி சொன்னது, "சுவரில் பொருத்தச் சொல்லியிருக்கிறோமே" என்பது. சுவரில் மாட்டும் கிட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2017இல் இன்னொரு இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குடும்பத்துக்கு 4.6 கோடி டாலர் தர 2020 தொடக்கத்தில் கம்பெனி ஒப்புக்கொண்டது. பிள்ளையை இழந்த பெற்றோர்கள் சேர்ந்து போராடி, 2022 டிசம்பரில் ஸ்டர்டி என்ற சட்டம் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து அங்கே செய்யப்படும் துணி அலமாரிகள், சுவரில் மாட்டாமலேயே, 27 கிலோ எடைக் குழந்தை ஏறினாலும் கவிழாமல் நிற்க வேண்டும்.

"சுவரில் மாட்டாமலேயே" என்பதைக் கவனியுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தாலே அட்வான்ஸில் கை வைக்கும் ஹவுஸ் ஓனர்கள் உள்ள ஊர் இது. "சுவரில் மாட்டியிருக்கணும், அது உன் தப்பு" என்று கம்பெனி சொல்வதும், "பார்த்துக்க மாட்டியா" என்று அப்பா சொல்வதும் ஒன்றுதான். இரண்டும் பழியைச் சாமானிலிருந்து எடுத்து ஆள் மேல் வைக்கின்றன.

நம்ம ஊர்ச் சட்டம்

பிசினஸ் லா பேப்பரில் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் எங்களுக்கு உண்டு. அதில் முதலில் சொல்லித் தருவது "வாங்குபவரே உஷார்" என்ற கொள்கை. கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே வந்தது. 2020 ஜூலையில் அமலானது. குறையுள்ள பொருளால் காயம் ஏற்பட்டால், செய்தவரும் விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். வடிவமைப்பில் உள்ள குறையும், எச்சரிக்கை தராததும்கூட இதில் அடக்கம். 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாற்காலி, மேசை, அலமாரி, கட்டில், அடுக்குக் கட்டில் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தரங்களை வெளியிட்டது. அவற்றைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் ஏற்கெனவே நம் வீட்டில் நிற்கிற அலமாரிக்கு எந்த ஆணையும் கால் முளைக்க வைக்காது.

அதை நாம்தான் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான். கனமான புடவை, போர்வை எல்லாம் கீழ் டிராயருக்கு, லேசானவை மேலே. அலமாரி மேலிருந்த பொம்மையை எடுத்துவிட்டோம், ஏறத் தூண்டியதே அதுதான். முன்காலுக்கு அடியில் பாட்டி காலத்து அட்டை. ஓனரிடம் நான்தான் போய்ப் பேசினேன். காலி செய்யும்போது அடைத்துத் தருவதாகச் சொன்ன பிறகு, இரண்டு ஓட்டை போட அனுமதி கிடைத்தது. இரண்டு எல் ஆங்கிள், நாலு திருகு. ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகவில்லை.

உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதோ இல்லையோ, வரப்போகிற விருந்தாளிக்காவது ஒன்று செய்யுங்கள். டிராயர் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, முன்னால் இருப்பதைக் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான்! ஆடினால், அது அம்மாவின் தப்பு அல்ல.

பொங்கலுக்கு அக்கா மறுபடி வந்தாள். பயல் நேரே அந்த அலமாரிக்குத்தான் போனான். இழுத்தான், ஏறினான். அலமாரி அசையவில்லை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அவனைப் பார்த்துக்க மாட்டியா?" என்றார். இந்தத் தடவை என்னைப் பார்த்து.