பத்தாவது இருக்கை



வரலாறு என்றவுடன் முடியும் வாளும், கோட்டையும் கொடியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு கல்லூரி, ஒன்பது பல்கலைக் கழகங்களின் வாயிலில் நின்று, எங்களையும் உங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட செய்தி வரலாறு ஆகுமா என்று நீங்கள் ஐயுறலாம். ஆகும் என்பதே என் கருத்து. வகுப்பறையில் பல்லாண்டு வரலாறு கற்பித்த பழக்கத்தால் சொல்லுகிறேன்: பெரும் போர்களில் மறைந்துவிடும் மனித இயல்பு, இத்தகைய சிறு வழக்குகளில் தெளிவாகப் புலப்படும். நான் இன்று எடுத்துக்கொண்ட வழக்கு, அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்ந்தது.

முதலில் களத்தை அறிந்துகொள்வோம். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவினது. அதைக் கையில் ஏந்தி ஓடுவர், தூர எறிவர், எதிர்ப்பக்கத்தார் பாய்ந்து வீழ்த்துவர். ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் கல்லூரிகளைப் பித்துப் பிடிக்கச் செய்தது. வெற்றிக்கு ஆசைப்பட்டு, புத்தகத்தைத் தொட்டறியாத முரடர்களையும் மாணவர் என்று பெயர் சூட்டிக் களத்தில் இறக்கினார்கள். இந்தச் சீர்கேட்டைத் தடுக்க வேண்டுமென்று, பர்டியூ பல்கலைக் கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைக்க, ஏழு பல்கலைக் கழகத் தலைவர்கள் 1895ஆம் ஆண்டு சனவரியில் சிகாகோ நகரில் கூடினார்கள். உண்மையாகப் பதிவு பெற்றுப் பயிலும் மாணவனே ஆட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதிகளின் உயிர்நாடி. மறு ஆண்டு அமைப்பு உருப்பெற்றது. அதன் ஆட்சி பேராசிரியர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய கூட்டமைப்பை அந்நாட்டார் 'கான்பரன்ஸ்' என்பர். உறுப்பினர் தொகை 1917இல் பத்தாக நிறைந்தது. 'பிக் டென்', அதாவது பெரிய பத்து, என்ற பெயரும் வழக்கில் நிலைத்தது.

அந்த ஏழு நிறுவனர்களுள் சிகாகோ பல்கலைக் கழகம் ஒன்று. அது 1892இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே, அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரை ஆட்டப் பயிற்சிக்கு அமர்த்தியது. நாற்பது ஆண்டுகள் அவர் அங்கே பணியாற்றினார். கூட்டமைப்பின் பட்டத்தை அவருடைய அணி ஏழு முறை வென்றது. கல்லூரி ஆட்டக்காரருள் தலைசிறந்தவருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் புகழ்பெற்ற பரிசை 1935இல் முதன்முதலாகப் பெற்றவரும் சிகாகோ மாணவரே. ஜே பெர்வாங்கர் என்பது அவர் பெயர்.

ஆயினும் காலம் மாறியது. 1929இல், முப்பதே வயதில், ராபர்ட் ஹட்சின்ஸ் அப்பல்கலைக் கழகத்தின் தலைவரானார். நூல்களும் சிந்தனையுமே கல்லூரியின் உயிர். ஆட்டம் அதற்கு அடங்கியது என்பது அவர் கொள்கை. 1939ஆம் ஆண்டில் சிகாகோ அணி மிச்சிகன் பல்கலைக் கழகத்திடம் 85க்குச் சுழி என்ற கணக்கில் தோற்றது. ஹார்வர்டும் ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகமும் ஆளுக்கு 61 புள்ளிகள் எடுத்து, அதனை ஒரு புள்ளியும் எடுக்க விடாமல் வீழ்த்தின. அவ்வாண்டு இறுதியில் கால்பந்தே வேண்டாம் என்று சிகாகோ முடிவு செய்தது. ஆடுவோர் இல்லாத ஸ்டாக் அரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2ஆம் நாள், என்ரிகோ பெர்மியும் அவர் குழுவினரும் கட்டுக்குள் அடங்கிய அணுத் தொடர்வினையை உலகில் முதன்முறையாக நிகழ்த்தினார்கள். 1946இல் சிகாகோ கூட்டமைப்பையே விட்டு விலகியது. பத்து ஒன்பதாயிற்று, ஓர் இருக்கை காலியாயிற்று.

இனி, அந்த இருக்கையை நோக்கியிருந்த கல்லூரிக்கு வருவோம்.

மிச்சிகன் மாநிலத்தில் ஈஸ்ட் லான்சிங் என்னும் ஊரில், 1855இல் நிறுவப்பட்ட உழவுக் கல்லூரி ஒன்று உண்டு. தொடக்க நாட்களில் அங்கே மாணவர்கள் நாள்தோறும் மூன்று மணி நேரம் உடலுழைப்புச் செய்தாக வேண்டும். காடு திருத்துவதும் கட்டை அகற்றுவதும் பாடத்தின் பகுதி. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், ஆன் ஆர்பர் நகரில், முதுபெரும் மிச்சிகன் பல்கலைக் கழகம் இருந்தது. வழக்குரைஞரும் மருத்துவரும் அங்கே உருவாயினர். உழவர் மக்கள் பயின்ற கல்லூரியையோ 'மாட்டுக் கல்லூரி' என்று எள்ளினர். அறிவிலோ உழைப்பிலோ குறை கண்டு பிறந்த ஏளனம் அன்று அது; பிறந்த இடம் பற்றிய ஏளனம். அத்தகைய ஏளனத்தின் கூர்மை எத்தகையது என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

அக்கல்லூரியிலேயே 1923இல் பட்டம் பெற்று, கோழி வளர்ப்பு முறைகளை உழவருக்குக் கற்பிக்கும் பணியில் வாழ்வைத் தொடங்கிய ஜான் ஹானா, 1941இல் அதன் தலைவரானார். போர் முடிந்தது, படைவீரர்கள் அரசின் உதவியோடு கல்லூரிகளை நோக்கித் திரண்டனர். அவர்களை வரவேற்கக் கட்டடங்களும் விடுதிகளும் எழுப்பினார் ஹானா. தம் கல்லூரியைப் பெரிய பல்கலைக் கழகமாக்க வேண்டும் என்பது அவர் வேட்கை. ஆராய்ச்சிக் கூடத்தின் பெருமை மக்கள் காதுக்கு எட்ட ஐம்பதாண்டு ஆகலாம். ஆட்டக்களத்தின் பெருமை மறுநாள் செய்தித்தாளிலேயே எட்டிவிடும். சிகாகோ விட்டுச் சென்ற இருக்கையில் அமர்ந்துவிட்டால், தம் கல்லூரியின் பெயர் விஸ்கான்சின், இல்லினாய், மிச்சிகன் ஆகிய பெயர்களோடு ஒரே வரிசையில் எழுதப்படும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

அதற்கான ஆயத்தங்களை நோக்குங்கள். 1947இல் கிளாரன்ஸ் மன் என்பவரைப் பயிற்சியாளராகக் கொணர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே ஆன் ஆர்பர் அணியிடம் 55க்குச் சுழி என்ற தோல்வி! ஹானா தளரவில்லை. மறு ஆண்டே, 26,000 பேர் அமரும் அரங்கம் ஏறத்தாழ 51,000 பேர் அமருமாறு விரிவடைந்தது. நாட்டின் முதல்தர அணியாகிய நோட்ர டேமுடன் ஆடவும் ஏற்பாடாயிற்று.

எல்லாவற்றினும் கடினமானது வேறொன்று. ஜெனிசன் என்னும் வள்ளலின் பெயரால், விளையாட்டுத் திறனுடைய மாணவர்க்கு அக்கல்லூரி உதவித்தொகை வழங்கி வந்தது. ஆட்டத் திறனுக்காகவே பணம் தருவதை ஒன்பதின்மர் கூட்டமைப்பு ஏற்கவில்லை. இருக்கை வேண்டுமாயின் உதவித்தொகையைக் கைவிட வேண்டும். கல்லூரி கைவிட்டது. 1948 டிசம்பர் 12ஆம் நாள், விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று ஆய்ந்து உறுதி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு கல்லூரியைச் சேர்த்துக்கொள்ள இசைவு பிறந்தது. ஆய்வுக்குப்பின் 1949 மே 20ஆம் நாள் முழு உரிமை கிடைத்தது. ஆட்ட நிரல்கள் பல்லாண்டுக்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தமையால், கால்பந்துப் பட்டத்துக்குப் போட்டியிட 1953 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் அவ்வணி பேரணியாக வளர்ந்தது. 1952இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்று நாட்டின் முதலிடம் பெற்றது. 1950க்கும் 1953க்கும் இடையே தொடர்ந்து 28 வெற்றிகள்! 55க்குச் சுழி என்று தோற்கடித்த ஆன் ஆர்பர் அணியை ஆண்டுதோறும் வென்றது.

கதையை இங்கே முடித்தால் அது அம்புலிமாமாக் கதையாகும், வரலாறு ஆகாது. 1953 பிப்ரவரியில் ஒரு செய்தி இடியென விழுந்தது. லான்சிங் நகரில் கல்லூரியின் அபிமானிகள் நடத்திய ஓர் அமைப்பு, ஆட்டக்காரர்க்குப் பணம் தந்து வந்தமை வெளிப்பட்டது. முன்வாயிலில் கைவிட்டது பின்வாயில் வழியே வந்து சேர்ந்திருந்தது. கூட்டமைப்பின் ஆணையர் கென்னத் வில்சன், கல்லூரியை ஓராண்டுக் கண்காணிப்பில் வைத்தார். பட்டத்துக்கான முதல் ஆட்டம் ஆடுமுன்பே பட்ட தலைகுனிவு இது. அதே 1953இன் இறுதியில் அவ்வணி இல்லினாயுடன் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 1954 புத்தாண்டு நாளில், கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் அரங்கில், யு.சி.எல்.ஏ. அணியை 28க்கு 20 என்று வென்றது. மாலையும் வடுவும் ஓராண்டில் ஒரே கழுத்தில் விழுந்தன.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல என் மனம் இடந்தரவில்லை. இளம் தலைமையாசிரியனாக நான் பணியேற்ற பள்ளி, சிற்றூர்ப் பள்ளி. வட்டாரத்தின் பெரிய பள்ளிகள் ஆடும் பந்தயத்தில் எங்களுக்கும் ஓரிடம் கிடைக்க வேண்டுமென்று நான் தவங்கிடந்தேன். எங்கள் அணியின் தூணாக ஒரு பையன் இருந்தான். வகுப்புக்கு வந்தால் பயிற்சி கெடும். வராவிட்டால் வருகை குறையும். வருகை குறைந்தால் ஆட முடியாது. வராத நாட்களுக்கும் வந்ததாகப் பதிவேட்டில் குறியிடச் செய்தேன். இடம் கிடைத்தது; கோப்பையும் கிடைத்தது. அவ்வாண்டுப் பொதுத் தேர்வில் அந்தப் பையன் தேறவில்லை. மீண்டும் பள்ளிக்கு வரவும் இல்லை. கோப்பையைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அந்தப் பதிவேட்டின் பக்கம் என் கண்முன் தோன்றும். ஆகவே, ஈஸ்ட் லான்சிங் மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தகுதியுடையவன் அல்லேன். அவர்களுடைய ஆசையும் எனக்குத் தெரியும்; அதன் விலையும் எனக்குத் தெரியும்.

அப்படியாயின், அந்த இருக்கையால் விளைந்த பயன் என்ன? 1955இல், ஆன் ஆர்பரின் எதிர்ப்பையும் மீறி, அக்கல்லூரி பல்கலைக் கழகம் என்ற பெயரைச் சட்டப்படி பெற்றது. ஹானா தலைமையேற்றபோது ஏறத்தாழ 6,000 ஆக இருந்த மாணவர் தொகை, 1969இல் அவர் விடைபெறும்போது 40,000ஐ நெருங்கியது. அமெரிக்கக் குடியுரிமைக் குழுவின் முதல் தலைவராக 1957இல் அமர்ந்தவரும் அவரே. தென்மாநிலப் பல்கலைக் கழகங்கள் கறுப்பின இளைஞர்க்குத் தம் அணிகளில் இடமளிக்காத அக்காலத்தில், டெக்சாஸிலிருந்து பபா ஸ்மித்தும், வட கரோலினாவிலிருந்து ஜிம்மி ரேயும் ஈஸ்ட் லான்சிங்குக்கு வந்து ஆடினார்கள். 1965இலும் 1966இலும் கூட்டமைப்பின் பட்டம் அவ்வணிக்கே. ஒரு காலத்தில் வாயிலில் நின்றவர்கள், தம் வாயிலில் நின்றவர்களை உள்ளே அழைத்தார்கள். இருக்கையால் விளைந்த பயன்களுள் இதனையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

விலகிச் சென்ற சிகாகோ தாழ்ந்துபோயிற்றா? இல்லை. ஸ்டாக் அரங்கம் இருந்த இடத்தில் 1970 முதல் ஒரு பெரிய நூலகம் நிற்கிறது. கால்பந்தும் 1969இல், ஆரவாரமில்லாத சிறிய அளவில், அங்கே மீண்டது. இன்னும் ஒரு வியப்பு. கல்வித்துறையில் ஒத்துழைக்க வேண்டி 1958இல் பிக் டென் பல்கலைக் கழகங்கள் ஒரு குழு அமைத்தன. அதில் பதினோராவது உறுப்பினராகச் சிகாகோவையும் சேர்த்துக்கொண்டன. ஆட்டத்தின் மேசையை விட்டு எழுந்தவரும், அந்த இருக்கைக்காகக் காத்து நின்றவரும், பல்லாண்டுகள் அறிவின் மேசையில் அருகருகே அமர்ந்தார்கள்.

இன்று அந்தப் பத்தின் நிலை என்ன? 1990இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகமும், 2011இல் நெப்ராஸ்காவும், 2014இல் மேரிலாண்டும் ரட்கர்ஸும் சேர்ந்தன. 2024இல் பசிபிக் கரையிலிருந்து நான்கு பல்கலைக் கழகங்கள் வந்தன; ரோஸ் பவுலில் தோற்ற யு.சி.எல்.ஏ.யும் அவற்றுள் ஒன்று. பெயர் இன்றும் பெரிய பத்துதான். எண்ணிப் பார்த்தால் 18. இந்த இடமாற்றங்களை நடத்துவது பெரும்பாலும் தொலைக்காட்சி ஒளிபரப்பின் வருவாய். 1953இல் ஆட்டக்காரர்க்குப் பணம் தந்தது குற்றம். 2025 சூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேராகப் பணம் தரலாம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டது. அன்றைய விதி பொய்யா, இன்றைய விதி பொய்யா என்று நீங்கள் வினவக்கூடும். விதி மாறலாம், மாற்றுவதற்கும் முறை உண்டு. கையொப்பமிட்ட விதியை இருட்டில் மீறுவது மட்டும் எந்தக் காலத்திலும் முறை ஆகாது.

மாணவர்களே, நாளை நீங்களும் ஏதேனும் ஒரு சபையின் வாயிலில் நிற்பீர்கள். உள்ளே செல்ல விரும்புவது இழுக்கன்று. ஏளனத்துக்கு ஆளானவன் சரியாசனம் கேட்பது அவன் உரிமை. ஆனால் கதவைத் தட்டுமுன் இரண்டு கேள்விகளை உங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இருக்கைக்கு நான் தரும் விலை என்ன? அமர்ந்தபின் அடுத்து வாயிலில் நிற்பவனுக்கு நான் என்ன செய்யப்போகிறேன்? முதற் கேள்வியைக் கேட்க மறந்தவன் நான். இரண்டாம் கேள்விக்கு நற்செயலால் விடை தந்தது ஓர் உழவுக் கல்லூரி. நீங்கள் இரண்டையும் மறவாதிருப்பீர்களாக.